மூன்றாம் நாள்



இதை எழுதும்போது என் மேஜை மேல் ஒரு மஞ்சப்பை கிடக்கிறது. சிதம்பரத்து ஜவுளிக்கடைப் பை. கடையின் பெயர் பாதி அழிந்துவிட்டது. ஒரு பக்கக் கைப்பிடி பிய்ந்து, கறுப்பு நூலால் தைத்திருக்கிறார்கள். உள்ளே ஈ.சி.ஜி. தாள்கள், எக்கோ ரிப்போர்ட், ஆஞ்சியோ படம் பதிந்த சி.டி., டிஸ்சார்ஜ் சம்மரி, மருந்துக்கடைச் சீட்டுகள். என் சித்தப்பாவின் பை இது. கீரப்பாளையத்திலிருந்து நான்தான் வாங்கி வந்தேன், ஒருமுறை நிதானமாகப் படித்துப் பார்க்க. படிக்க வேண்டிய நாளில் படிக்காமல் விட்ட தாள்கள் இவை.

இதய நோய் பற்றி நாம் எப்போது எழுதினாலும் உங்களில் பலர் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "ஆஞ்சியோ பண்ணினா கிட்னி போயிடும்னு சொல்றாங்களே, நிஜமா?" ஒரு டாக்டரிடம் பதில் எழுதி வாங்கிப் போட்டிருக்கலாம். ஆனால் இந்தக் கேள்வி எங்கள் வீட்டுக்குள்ளேயே ஒரு பங்குனி மாதம் முழுக்க உட்கார்ந்திருந்தது. அதனால் நானே எழுதுகிறேன்.

கீரப்பாளையம், சிதம்பரத்திலிருந்து புவனகிரி போகிற பஸ்ஸில் வழியில் வருகிற ஊர். கொள்ளிடத்துத் தண்ணீர் கீழணையில் திரும்பி, வடவாறு வழியாக வீராணம் ஏரிக்கு வந்து, அங்கிருந்து மதகு மதகாகப் பிரிந்து எங்கள் பக்கத்து வயல்களுக்கு வரவேண்டும். மேலே யாராவது ஒரு ஷட்டரை இறக்கினால் முதலில் காய்வது நாங்கள்தான். கடைமடை என்ற சொல்லை நான் பள்ளிக்கூடத்தில் படிக்கவில்லை. சித்தப்பா வரப்பில் நின்று வானத்தையும் வாய்க்காலையும் மாறி மாறிப் பார்த்ததில் கற்றுக்கொண்டேன்.

சம்பா அறுப்புக்கு ஒரு வாரம், பத்து நாள் இருக்கும்போதே நிற்கிற கதிருக்குள் உளுந்தைத் தெளித்துவிடுவார்கள். நெல்லை அறுத்த பிறகு மிச்சமிருக்கிற ஈரத்திலும் பனியிலும் அது வளரும். பங்குனியில் பிடுங்கிக் களத்தில் காயப்போட்டு அடிப்பார்கள். அந்த வெயிலைச் சொல்லிப் புரியவைக்க முடியாது. சித்தப்பாவுக்கு 68 வயது. பதினைந்து வருஷமாகச் சுகர். உளுந்துக் களத்தில் இரண்டு நாள் நின்றார். மூன்றாவது நாள் சாயங்காலம், "நெஞ்சுல கல்லு வச்ச மாதிரி இருக்குடா" என்று போனில் சொன்னார். அதற்கு முன்னால் ஒன்றரை நாள் கேஸ் என்று நினைத்து ஓமத் தண்ணீர் குடித்திருக்கிறார். மற்ற தண்ணீர் அதிகம் குடிக்கவில்லை. அந்த ஒரு விஷயம் எவ்வளவு முக்கியம் என்று அப்போது எங்கள் யாருக்கும் தெரியாது.

ஒரு பெரிய ஊரில், ஒரு பெரிய மருத்துவமனையில் சேர்த்தோம். ஆஞ்சியோவில் இரண்டு இடத்தில் அடைப்பு. மறுநாள் ஸ்டென்ட் வைத்தார்கள். இரவு பத்து மணியிலிருந்து "வாயில எதுவும் வைக்கக் கூடாது" என்று சொல்லியிருந்தார்கள். அவருடைய முறை வந்தபோது மறுநாள் மத்தியானம் இரண்டு மணி. பதினாறு மணி நேரம். உதட்டை நாக்கால் தடவிக்கொண்டே படுத்திருந்தார். நான் பக்கத்தில்தான் இருந்தேன். இந்தப் பையும் என் கையில்தான் இருந்தது.

சிகிச்சை நன்றாக நடந்தது. நெஞ்சுவலி போய்விட்டது. அடுத்த நாளே வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். கார் கீரப்பாளையம் திரும்பியபோது ஜன்னலை இறக்கி, தெரிந்த முகத்துக்கெல்லாம் கை காட்டிக்கொண்டு வந்தார்.

முதலில் கண்டுபிடித்தது சித்திதான். எங்கள் வீட்டில் கொல்லைப்பக்கம் ஒரு பித்தளைச் சொம்பு உண்டு. ஒவ்வொரு முறையும் சித்தப்பா அதில் தண்ணீர் மொண்டுகொண்டு போவார். வீட்டுக்கு வந்து இரண்டு நாள் கழித்து, அதாவது ஸ்டென்ட் வைத்த மூன்றாம் நாள், அந்தச் சொம்பு மாடத்தை விட்டு அதிகம் இறங்கவில்லை. "காலையிலேர்ந்து ரெண்டே தடவதான் போனாரு தம்பி. அதுவும் கொஞ்சமாத்தான்" என்று சித்தி போனில் சொன்னார். அலைச்சல், களைப்பு, வெயில் என்று நான் சமாதானம் சொன்னேன். நான்காம் நாள் செருப்பைக் கழற்றினால் பாதத்தில் வார் பதிந்த தடம் அப்படியே குழியாக நின்றது. ஐந்தாம் நாள் சிதம்பரத்தில் ரத்தம் கொடுத்தோம். கிரியாட்டினின் 3.4.

அங்கே பார்த்த டாக்டர் கேட்ட முதல் கேள்வி: "ஆஞ்சியோக்குப் போறதுக்கு முன்னாடி உப்பு எவ்வளவு இருந்துச்சு?"

எனக்குத் தெரியவில்லை. மஞ்சப்பையைக் கொட்டித் தேடினோம். நான்காவது தாளில், ஹீமோகுளோபினுக்கும் சுகருக்கும் கீழே, சின்ன எழுத்தில் இருந்தது: 1.6. பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி. வழக்கமான அளவைவிட அதிகம் என்று லேப் இயந்திரமே போட்ட குறி அது. ஒரு வாரமாக நான் அதைக் கையில் தூக்கிக்கொண்டு அலைந்திருக்கிறேன்.

நம் ஊரில் கிரியாட்டினின் என்று யாரும் சொல்வதில்லை. "உப்பு ஏறிடுச்சு" என்பார்கள். நாம் சாப்பாட்டில் போடுகிற உப்புக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. தசைகள் தினமும் வேலை செய்வதில் சேரும் கழிவு இது. கிட்னி அதை ஒழுங்காக வெளியேற்றினால் ரத்தத்தில் குறைவாக இருக்கும். வடிகால் மந்தமானால் தேங்கும். 1.6 என்றால் கொஞ்சம்தானே கூட என்று தோன்றும், எனக்கும் அப்படித்தான் தோன்றியிருக்கும். ஆனால் அந்த எண்ணோடு வயதையும் ஆணா பெண்ணா என்பதையும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும். ஈ.ஜி.எஃப்.ஆர். என்று ரிப்போர்ட்டில் இருக்குமே, அதுதான் அந்தக் கணக்கு. 68 வயது ஆணுக்கு 1.6 என்றால் கிட்னியின் வேகம் ஏறத்தாழ 47. நல்ல வாலிபத்தில் அது 100-ஐ ஒட்டி இருக்கும். அதே 68 வயதில் ஒரு பெண்ணுக்கு அதே 1.6 இருந்தால் வேகம் 35 அளவுதான். தாளில் ஒரே எண், உடம்புக்குள் வேறு வேறு நிலைமை. அதனால்தான் "நார்மலுக்குக் கொஞ்சம் மேல, பரவாயில்ல" என்று நாமாக முடிவு கட்டக் கூடாது. நம் அம்மாக்கள் விஷயத்தில் இன்னும் கூடாது.

ஆஞ்சியோவின்போது இதய ரத்தக்குழாய்க்குள் செலுத்துகிற மருந்தைத்தான் டை என்கிறார்கள். சாயம் என்று பொருள் என்றாலும் அதற்கு நிறம் கிடையாது, தண்ணீர் போலத்தான் இருக்கும். அதில் இருப்பது அயோடின். எக்ஸ்ரே கதிரை அயோடின் மறித்துக்கொள்வதால், ரத்தம் ஓடுகிற வழி திரையில் கறுப்பாக, கிளை விட்ட மரம் போலத் தெரிகிறது. எங்கே கிளை ஒடுங்குகிறதோ அங்கே அடைப்பு. வழக்கமாகப் பயன்படுத்தும் டையில் ஒரு மில்லிக்கு 350 மில்லிகிராம் அளவு அயோடின் உள்ளது. ஸ்டென்ட் வைக்க 100 மில்லி, சிக்கலான அடைப்பு என்றால் 200 மில்லி கூட ஆகும். 100 மில்லி என்றாலே 35 கிராம் அயோடின். நம் உடம்புக்கு ஒரு நாளைக்குத் தேவையான அயோடின் 150 மைக்ரோகிராம்தான். இவ்வளவையும் கிட்னி வடிகட்டி வெளியே அனுப்ப வேண்டும். நல்ல கிட்னி ஒரே நாளில் ஏறக்குறைய முழுவதையும் அனுப்பிவிடுகிறது. அதை நினைத்தால் எனக்கு மரியாதைதான் வருகிறது.

இந்த வைத்தியம் வந்த வழியையும் கொஞ்சம் சொல்ல ஆசை. 1929-ல் ஜெர்மனியின் எபர்ஸ்வால்டே என்ற சிறிய ஊரில், 25 வயதுகூட நிறையாத வெர்னர் ஃபோர்ஸ்மன் என்ற டாக்டர் தன் கையின் ரத்தக்குழாயைக் கீறி, ஒரு மெல்லிய குழாயை உள்ளே விட்டு, அதோடு எக்ஸ்ரே அறைக்கு நடந்துபோய், அதை இதயம் வரை தள்ளிப் படம் எடுத்துக்கொண்டார். வேலையை இழந்தார், 1956-ல் நோபல் பரிசு பெற்றார். 1958 அக்டோபரில் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் டாக்டர் மேசன் சோன்ஸ் ஒரு நோயாளியின் பெருந்தமனியைப் படம் எடுக்கப்போய், குழாயின் முனை தவறி இதய ரத்தக்குழாய்க்குள் நுழைந்து, டை அங்கே பாய்ந்துவிட்டது. ஆள் இறந்துவிடுவார் என்று பதறினார்கள். இருமச் சொன்னார்கள், இருமினார், பிழைத்தார். ஆஞ்சியோ பிறந்தது அந்த நிமிஷத்தில்தான். 1977 செப்டம்பர் 16 அன்று ஜூரிக்கில் ஆண்ட்ரியாஸ் க்ரூன்ட்ஸிக் இதய ரத்தக்குழாயில் முதல் பலூன் சிகிச்சையைச் செய்தார். 1986-ல் சென்னையில் டாக்டர் மேத்யூ சாமுவேல் களரிக்கல் அதை நம் நாட்டுக்குக் கொண்டுவந்தார். இன்று முதலமைச்சரின் காப்பீட்டு அட்டையோடு ஒரு விவசாயி ஸ்டென்ட் வைத்துக்கொண்டு திரும்புகிறார். 2017-ல் மத்திய அரசு ஸ்டென்ட் விலைக்கு உச்சவரம்பு வைத்தது. எத்தனை கைகள் சேர்ந்து இந்த வாசலைத் திறந்திருக்கின்றன என்று நினைத்துப் பார்க்கிறேன்.

ஆனால் இந்தப் பட்டியலில் எனக்கு மிகவும் பிடித்தவர் டார்ஸ்டன் ஆல்மென். ஸ்வீடன் நாட்டின் மால்மோ நகரத்துக் கதிரியக்க டாக்டர். அந்தக் காலத்து டை ரத்தத்தைவிட ஐந்தாறு மடங்கு அடர்த்தி. ஏற்றினால் நோயாளிகள் எரிகிறது என்று துடிப்பார்கள். ஏன் எரிகிறது? ஆல்மெனுக்குப் பதில் கிடைத்தது கடலில் நீந்தும்போது. நாட்டின் மேற்குக் கரையில், உப்பு அதிகமான கடலில் கண்ணைத் திறந்தால் எரிந்தது. உப்புக் குறைந்த பால்டிக் கடலில் எரியவில்லை. பரங்கிப்பேட்டைக்காரர்களுக்கு இது உடனே புரியும். வெள்ளாறு கடலில் சேருகிற முகத்துவாரத்தில் ஆற்றுப் பக்கம் முங்கினால் ஒரு மாதிரி, கடல் பக்கம் முங்கினால் வேறு மாதிரி. ரத்தக்குழாயின் உட்சுவரும் கண்ணைப் போலத்தானே என்று ஆல்மென் யோசித்தார். உப்புத்தன்மை குறைந்த டையைச் செய்ய முடியும் என்று 1969-ல் எழுதினார். முதலில் கேட்ட கம்பெனிகள் கையை விரித்தன. கடைசியில் நார்வேயில் ஒரு கம்பெனி எடுத்துச் செய்தது. இன்று ஆஞ்சியோவுக்குப் பயன்படும் டை ரத்தத்தைவிட இரண்டு மூன்று மடங்குதான் அடர்த்தி. ரத்தத்துக்குச் சமமான டையும் இருக்கிறது. சித்தப்பா எரிச்சலே இல்லாமல் படுத்திருந்தாரே, "சூடா ஏதோ ஓடுன மாதிரி இருந்துச்சு, அவ்ளோதான்" என்றாரே, அதற்கு ஆல்மெனுக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும்.

அப்புறம் ஏன் கிட்னி அடிபட்டது?

சிதம்பரத்து டாக்டர் ஒரு மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் அவரை விதை போல ஒன்றை வரைந்து காட்டினார். இரண்டு கிட்னியும் சேர்த்தால் உடல் எடையில் இருநூறில் ஒரு பங்குகூடத் தேறாது. ஆனால் இதயம் தள்ளுகிற ரத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கை அவைதான் வாங்கிக்கொள்கின்றன. அந்த ரத்தத்தில் பெரும்பகுதி கிட்னியின் வெளி ஓரத்திலேயே பாய்ந்து திரும்பிவிடுகிறது. நடுப்பகுதிக்குப் போவது கொஞ்சம். அங்கே பிராண வாயுவும் எப்போதும் பற்றாக்குறைதான். ஆனால் அங்கேயும் வேலை கடுமைதான்: வடிந்துபோகிற உப்பையும் தண்ணீரையும் திரும்ப இழுத்து உடம்புக்குக் கொடுக்கிற வேலை. அவர் அதை விளக்கிக்கொண்டிருக்கும்போதே சித்தப்பா சொன்னார்: "கடைமடைன்னு சொல்லுங்க." டாக்டர் பேனாவை வைத்துவிட்டு அவரைப் பார்த்தார். "அதேதாங்க."

டை வந்ததும் கிட்னிக்குள் இருக்கிற சின்ன ரத்தக்குழாய்கள் இறுகுகின்றன. மேலே ஷட்டர் இறங்குகிறது. கடைமடை முதலில் காய்கிறது. டை கொஞ்சம் பிசுபிசுப்பானதும்கூட. வடிகட்டப்பட்டு நுண்குழாய்களில் இறங்கும்போது, கூடவே போதுமான தண்ணீர் இல்லையென்றால் இன்னும் கெட்டியாகி மெதுவாக நகர்கிறது. அந்த நேரம் முழுக்க அது குழாயின் உட்சுவரைக் காயப்படுத்துகிறது. ஏற்கெனவே பாதி வேகத்தில் ஓடுகிற கிட்னி, இரண்டு நாள் பங்குனி வெயில், பதினாறு மணி நேரம் நனையாத தொண்டை. இதற்கு மேல் 180 மில்லி டை. அந்த 180-ஐயும் பிறகுதான் கண்டுபிடித்தேன், டிஸ்சார்ஜ் சம்மரியின் இரண்டாவது பக்கத்தில்.

காயம் பட்டவுடன் கிரியாட்டினின் ஏறாது. கழிவு தேங்கித்தான் எண் உயர வேண்டும். ஒன்று இரண்டு நாளில் ஏறத் தொடங்கி, மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள் உச்சத்துக்குப் போய், பெரும்பாலானவர்களுக்கு இரண்டு வாரத்துக்குள் இறங்கிவிடும். இப்போதெல்லாம் ஸ்டென்ட் வைத்த மறுநாளே வீட்டுக்கு அனுப்புகிறார்கள். அது நல்லதும்கூட. ஆனால் அடிபடுவது பட்டணத்து ஆஸ்பத்திரியில், அது தெரியவருவது கீரப்பாளையத்தில், கொல்லைப்பக்கச் சொம்பில். இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிற இடைவெளியைப் பற்றித்தான் இந்தப் பக்கத்தை எழுதுகிறேன். மூன்றாம் நாள், நான்காம் நாள் வாக்கில் ஒரே ஒரு ரத்தப் பரிசோதனை. சின்ன ஊர் லேப்பிலும் செய்கிறார்கள். கிட்னி ஏற்கெனவே பலவீனமாக இருப்பவர்களுக்கு, சுகர்காரர்களுக்கு, வயதானவர்களுக்கு, இதயத்தின் பம்பிங் குறைந்தவர்களுக்கு, ரத்தசோகை உள்ளவர்களுக்கு அந்தப் பரிசோதனையை விடவே கூடாது. டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதாவிட்டாலும் நாம் கேட்டு எழுதி வாங்க வேண்டும்.

இதைப் படித்துவிட்டு யாரும் ஆஞ்சியோவே வேண்டாம் என்று முடிவெடுத்துவிடாதீர்கள். சித்தப்பா படுத்திருந்தபோது பார்க்க வந்த உறவுக்காரர்களில் பாதிப்பேர், "டை போடாம இருந்திருந்தா இதெல்லாம் வந்திருக்குமா?" என்றுதான் பேசினார்கள். அடைப்பைத் திறக்காமல் இருந்திருந்தால் பேசுவதற்கு அவர் இருந்திருப்பாரா என்று சித்தி ஒரே வார்த்தையில் அவர்கள் வாயை அடைத்தார். மாரடைப்பு நடந்துகொண்டிருக்கும்போது கிட்னியைப் பற்றி யோசித்து ஒரு நிமிஷமும் தாமதிக்கக் கூடாது. இதயம் தள்ளாவிட்டால் கிட்னிக்கு ரத்தமே கிடையாது.

அமெரிக்காவில் 2009 முதல் 2011 வரை பலூன், ஸ்டென்ட் சிகிச்சை செய்துகொண்ட 9,85,737 பேரின் பதிவுகளை எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். கிட்னி அடிபட்டவர்கள் 100-க்கு 7 பேர். டயாலிசிஸ் தேவைப்பட்டவர்கள் 1,000-க்கு 3 பேர். அதிலும் எல்லாப் பழியும் டையின் மேல் இல்லை. மாரடைப்பில் பிரஷர் இறங்கினாலும் கிட்னி அடிபடும். ரத்தம் அதிகம் போனாலும் அடிபடும். குழாயைச் செலுத்தும்போது பெருந்தமனியின் சுவரில் இருக்கிற கொழுப்புத் துணுக்குகள் உதிர்ந்து கிட்னிக்குள் போய் அடைத்தாலும் அடிபடும். அதனால் மருத்துவ உலகம் இப்போது "டையால் வந்த பாதிப்பு" என்று அடித்துச் சொல்வதில்லை, "டை கொடுத்த பிறகு வந்த பாதிப்பு" என்கிறது. கையில் ஊசி போட்டு எடுக்கிற சி.டி. ஸ்கேன் டையைப் பற்றிய பயத்தில் பெரும்பகுதி மிகை என்று அமெரிக்கக் கதிரியக்க மருத்துவர்களும் கிட்னி மருத்துவர்களும் 2020-ல் சேர்ந்தே சொல்லிவிட்டார்கள். கவலைப்பட வேண்டியது கிட்னி வேகம் 30-க்குக் கீழே போனவர்கள்தான் என்கிறார்கள். ஆஞ்சியோவில் டை தமனி வழியாக அதிகம் நீர்த்துப்போகாமல் கிட்னியை அடைய வாய்ப்பிருப்பதால் இன்னும் கொஞ்சம் எச்சரிக்கை.

தடுக்க என்ன வழி என்று 30 வருஷமாகத் தேடுகிறார்கள். 1994-ல் 78 பேரை வைத்து நடந்த ஒரு ஆய்வு இன்றைக்கும் பேசப்படுகிறது. எல்லோருமே கிட்னி பலவீனமானவர்கள். ஒரு பகுதியினருக்கு வெறும் சலைன் டிரிப்ஸ். மற்றவர்களுக்குச் சலைனோடு, நீர் நன்றாகப் பிரியட்டும் என்று அதற்கான மருந்தும். நீர் பிரிந்தால் டை சீக்கிரம் போய்விடும் என்று நாமும் நினைப்போம்தானே? நடந்தது நேர்மாறு. வெறும் சலைன் ஏற்றியவர்களில் 11 சதவீதம் பேருக்குக் கிட்னி அடிபட்டது. லாசிக்ஸ் என்று நாம் அறிந்த ஃப்யூரோசமைடு கொடுத்தவர்களில் 40 சதவீதம். தண்ணீரை வெளியே தள்ளுவதில் பயனில்லை, உள்ளே இருக்க வேண்டும். பிறகு அசிட்டைல்சிஸ்டீன் என்ற மாத்திரை வந்தது, ஆஞ்சியோவுக்கு முன் பலருக்கும் கொடுத்தார்கள். சோடா உப்பு டிரிப்ஸும் வந்தது. ஏறத்தாழ 5,000 பேரை வைத்து அமெரிக்கா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, மலேசியா ஆகிய நாடுகளில் நடந்த பெரிய ஆய்வு 2018-ல் வெளியானபோது, இரண்டுக்கும் சாதாரணச் சலைனைவிடக் கூடுதல் பலன் எதுவும் இல்லை என்று தெரிந்தது. சலைன்தான் நின்றது. உப்பும் தண்ணீரும்.

அதற்காக எல்லோரும் குடம் குடமாகக் குடிக்கக் கூடாது. பம்பிங் குறைந்த இதயத்துக்குத் தண்ணீர் அதிகமானால் நுரையீரலில் கோத்துக்கொள்ளும், மூச்சு முட்டும். எவ்வளவு, எத்தனை மணி வரை என்பதை இதய டாக்டர்தான் சொல்ல வேண்டும். ஆனால் கேட்காமல் அவர் சொல்லமாட்டார், அவருக்கு நேரமில்லை. "வாயில எதுவும் வைக்காதீங்க" என்று வார்டில் சொன்னால், "தண்ணியும் கூடாதா? எத்தனை மணி வரைக்கும் குடிக்கலாம்?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். மயக்க மருந்து கொடுக்கிற ஆபரேஷன்களிலேயே வெறும் தண்ணீரை இரண்டு மணி நேரத்துக்கு முன்பு வரை அனுமதிக்கிறார்கள். உங்கள் முறை தள்ளிப்போனால் மறுபடியும் கேளுங்கள். நான் கேட்கவில்லை.

இடுப்புவலிக்கும் மூட்டுவலிக்கும் கடையில் வாங்கிப் போடுகிற பெயின் கில்லர் மாத்திரைகளைப் பற்றித் தனியாகவே ஒரு பக்கம் எழுதலாம். டிக்ளோஃபெனாக் மாதிரியான மாத்திரைகள் அதே கடைமடைக்குப் போகிற ரத்தத்தைத்தான் குறைக்கின்றன. உளுந்து பிடுங்கிய இடுப்புவலிக்குச் சித்தப்பா நான்கு நாள் போட்டிருந்தார். வீட்டுக்கு வந்த பிறகும் இரண்டு போட்டிருக்கிறார். "வலி மாத்திரை என்ன பெரிய மாத்திரை" என்று யாரிடமும் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. சுகருக்குப் போடுகிற மெட்ஃபார்மின் கிட்னியைக் கெடுப்பதில்லை. ஆனால் கிட்னி அடிபட்டால் அது உடம்பில் தங்கிவிடும் என்பதால், பலவீனமான கிட்னி உள்ளவர்களுக்கு ஆஞ்சியோவையொட்டி 48 மணி நேரம் நிறுத்திவைக்கிறார்கள். இதையும் டாக்டர் சொல்லித்தான் நிறுத்த வேண்டும். ஸ்டென்ட் வைத்தவர் ரத்தம் உறையாமலிருக்கக் கொடுக்கும் மாத்திரைகளை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் தானாக நிறுத்தவே கூடாது. அது உயிருக்கே ஆபத்து.

பார்க்க வந்தவர்கள் அன்பாகத்தான் வந்தார்கள். ஒருவர் இரண்டு குலை இளநீர் கொண்டுவந்து இறக்கினார். இன்னொருவர் வாழைத்தண்டுச் சாறு பிழிந்து தூக்கில் கொண்டுவந்தார், "கிட்னிக்கு இதவிட மருந்து இல்ல" என்று. நல்ல நாளில் இரண்டும் நல்லதுதான். கிட்னி வேலை செய்யாத நாளில் இளநீரில் இருக்கிற பொட்டாசியம் ரத்தத்தில் ஏறினால் இதயத் துடிப்பே தடுமாறும். டாக்டர் சொன்னபோதுதான் எங்களுக்குத் தெரிந்தது. இளநீர் கொண்டுவந்த பெரியவர் மனம் நோகாமல் இருக்க, சித்தி அவர் எதிரிலேயே ஒன்றை வெட்டி எனக்குக் கொடுத்தார்.

இந்த முறை ஒன்பது நாள் மருத்துவமனையில் இருந்தார். ஒரு பிளாஸ்டிக் பாட்டிலில் கோடு போட்டு, எவ்வளவு நீர் போகிறது என்று சித்தி அளந்து எழுதினார். முதல் நாள் 350 மில்லி. மூன்றாம் நாள் 800. ஆறாம் நாள் பாட்டில் நிரம்பி வழிந்தபோது சித்தி அழுதார். டயாலிசிஸ் தேவைப்படவில்லை. மூன்று வாரம் கழித்து கிரியாட்டினின் 1.7. பழைய 1.6-க்கு அது இறங்கவே இல்லை. அந்த 0.1 திரும்பாது என்று நினைக்கிறேன்.

வெயிலில் வேலை செய்கிற விவசாயிகளின் கிட்னியைப் பற்றி உலகம் இப்போதுதான் கவலைப்படத் தொடங்கியிருக்கிறது. இலங்கையில் அனுராதபுரம் பக்கம், ஆந்திராவில் உத்தானம் பக்கம், சுகரும் பிரஷரும் இல்லாதவர்களுக்கே கிட்னி போய்க்கொண்டிருப்பதை டாக்டர்கள் பல வருஷமாக எழுதிவருகிறார்கள். நம் டெல்டாவில் களத்தில் நின்றவர் நேராக ஆஞ்சியோ செய்கிற கேத் லேப்புக்குப் போகும்போது, அவர் எந்த வெயிலிலிருந்து வருகிறார் என்று அங்கே இருப்பவர்களுக்குத் தெரியாது. கூடப் போகிறவர்தான் சொல்ல வேண்டும். 2021 ஆகஸ்டிலிருந்து மக்களைத் தேடி மருத்துவத் திட்டத்தில் பெண்கள் வீட்டுக்கே வந்து சுகரும் பிரஷரும் பார்க்கிறார்கள், மாத்திரை கொடுக்கிறார்கள். அந்தப் பெண்களிடம் ஒரு வேண்டுகோள்: ஒரு வீட்டில் யாராவது ஸ்டென்ட் வைத்துத் திரும்பியிருந்தால், கையைப் பிடித்து பிரஷர் பார்க்கிற நேரத்தில், ஒண்ணுக்கு நன்றாகப் போகிறதா, கால் வீங்கியிருக்கிறதா, ரத்தம் கொடுத்தாயிற்றா என்று மூன்றையும் கேட்டுவிடுங்கள்.

மஞ்சப்பையைத் திருப்பிக் கொடுப்பதற்காக, போன வாரம் ஊருக்குப் போயிருந்தேன். சித்தப்பா திண்ணையில் உட்கார்ந்து விதை உளுந்தில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். "படிச்சிட்டியாடா?" என்றார். கொடுக்க மனம் வராமல், இன்னும் நான்கு நாள் இருக்கட்டும் என்று திரும்பக் கொண்டுவந்துவிட்டேன். நான் அங்கே இருந்தபோதே எதிர்வீட்டு அண்ணன் வந்தார். அவருடைய அம்மாவுக்கு வியாழக்கிழமை ஆஞ்சியோ, அப்படியே ஸ்டென்ட்டும் வைப்பார்களாம், காப்பீட்டு அட்டை சம்பந்தமாக ஏதோ கேட்க வந்திருந்தார். சித்தி அடுப்படியிலிருந்து கை துடைத்துக்கொண்டே வெளியே வந்தார்.

"பெரியம்மாவுக்கு உப்பு எவ்வளவுன்னு பாத்தீங்களா?"

அவர் பையைத் துழாவினார். சித்தி அதற்குள் சுவரில் மாட்டியிருந்த தினசரி காலண்டரின் தாள்களைத் தூக்கி விரலால் எண்ணிக்கொண்டிருந்தார். வெள்ளி, சனி, ஞாயிறு.

"மூணாம் நாள் ஞாயித்துக்கெழமல்ல வருது? லேப்பு மூடியிருப்பான். திங்கக்கெழம காலையில மொத ஆளா போய் ரத்தம் குடுத்துருங்க. நானே கூட வரேன்."

அன்புடன்,
ஆசிரியர்